நம்பர் மட்டும் கேட்காதீங்க

உக்கடம் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் எலக்ட்ரானிக் லாக்கர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஏதோ ஆபீஸைக் காலி செய்தபோது வந்ததாம். “நம்பர்?” என்றேன். “அது தெரிஞ்சா இந்த விலைக்குத் தருவேனுங்களா?” என்றார் கடைக்காரர். நியாயமான கேள்விதான்.

வீட்டில் மாமனார் அதைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே கடகடவென்று சத்தம். “கனமா ஏதோ உருளுது மாப்ள” என்றார். அவ்வளவுதான், பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோரும் ஹாலில் கூடிவிட்டார்கள்.

பட்டனை அமுக்கினால் உயிரே இல்லை. இந்த மாதிரி லாக்கரில் பேட்டரி கதவின் உள்பக்கம் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் கதவு திறக்காது. கதவு திறந்தால்தான் பேட்டரி மாற்றலாம். இதை யோசித்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். வெளியிலிருந்து கரண்ட் கொடுக்க முன்பக்கம் இரண்டு முனை விட்டிருந்தார்கள். நாலு பென்சில் பேட்டரியை வரிசையாக ஒட்டி, 6 வோல்ட்டை ஒயரில் கொடுத்ததும் ‘பீப்’. ஹாலில் ஒரே கைதட்டல்.

அப்புறம் ஆரம்பித்தது நம்பர் திருவிழா. 1234, 0000, கம்பெனியிலேயே போட்டு அனுப்பும் 159, பிறகு 108, 786. மூன்று முறை தப்பானால் லாக்கர் கோபித்துக்கொண்டு கொஞ்ச நேரம் எதையும் வாங்காது. அந்த இடைவெளியில் மாமியார் காபி போட்டார். மூன்று இலக்கத்திலிருந்து எட்டு வரை எந்த நம்பரும் இருக்கலாம் என்றதும், பிளஸ் டூ படிக்கும் மச்சினன் மகள் கணக்குப் போட்டாள்: 11 கோடியே 11 லட்சத்து 11 ஆயிரம். காபித்தூள் தீர்ந்துவிடும் என்றார் மாமியார்.

பஸ் ஸ்டாப் ஓரம் சாவி போடும் அண்ணனைக் கூட்டிவந்தேன். அவர் முன்பக்க பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்தார். அடியில் சாவித் துவாரம்! சாவி செய்யப் போகிறார் என்று எல்லோரும் எட்டிப் பார்க்க, அவர் ஒரு கையால் குமிழைத் திருப்பிக்கொண்டே மறு கையால் லாக்கரின் மண்டையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். திறந்துகொண்டது.

விஷயம் இதுதான். நாம் போடும் நம்பர் தாழ்ப்பாளை நகர்த்துவதில்லை. அதைத் தடுக்கும் ஒரு சின்ன முள்ளை மின்காந்தம் இழுத்துக்கொள்கிறது. மற்ற நேரம் முள்ளைப் பிடித்து வைத்திருப்பது ஒரு நோஞ்சான் ஸ்பிரிங். அடி விழுந்த அதிர்ச்சியில் முள் ஒரு கணம் எகிறும், அந்தக் கணத்தில் குமிழ் திரும்பிவிடும். நல்ல விலையுள்ள லாக்கர்களில் இது பலிக்காது.

“ஒரு குத்துக்கு 400 ரூபாயா?” என்றார் மாமியார். “வேணும்னா மூடிட்டுப் போயிடட்டுங்களா?” என்றார் அவர். கொடுத்துவிட்டோம்.

உள்ளே இருந்தவை: அவசரச் சாவி இரண்டு, வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கும் பேட்டரி டப்பா, ‘நம்பர் மறந்துவிட்டால்’ என்று படம் போட்ட கையேடு, சுவரில் முடுக்க போல்ட்டுகள். உருண்டது அந்த போல்ட்டுகள்தான். மாமனார் மட்டும் நம்பாமல் கையேட்டை உதறிப் பார்த்தார்.

கதவின் உள்பக்கம் கீல் ஓரமாக இருந்த சிவப்புப் பட்டனை அமுக்கிப் புது நம்பர் வைத்தேன். சுவரோடு முடுக்கிவிட்டால் இந்தக் குத்து வேலை அவ்வளவு சுலபமில்லை என்று மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். “பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடி குத்தித் திறந்துட்டு, அதுல என் நகையை வைக்கச் சொல்றீங்களா?” நகை பீரோவுக்கே போய்விட்டது.

இப்போது அதில் மாமியார் மைசூர்பா வைத்துப் பூட்டுகிறார், மாமனாருக்குச் சர்க்கரை. நம்பர் அவருக்குத் தெரியாது. ஆனால் ராத்திரி ஹாலில் ‘டொம்’ என்று சத்தம் கேட்டால் நாங்கள் யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.