சோளகக் காற்றுக்கு எதிரே ஓர் இரவல் சைக்கிள்

யாழ்ப்பாண நகரிலிருந்து, நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்வர ஆட்டோக்காரர் ஒருவர் 9,000 இலங்கை ரூபாய் கேட்டார்; எவ்வளவு மன்றாடியும் 500 ரூபாய்க்கு மேல் இறங்கவில்லை. பேருந்து மலிவுதான், ஆனால் நெரிசலில் பிறருடைய முழங்கைகளைப் பார்த்துக்கொண்டு போவதற்காக நான் கடல் கடந்து வரவில்லை. தங்கியிருந்த வீட்டு ஐயா என் புலம்பலைக் கேட்டுவிட்டு, கொட்டிலிலிருந்து ஒரு பழைய சைக்கிளை உருட்டி வந்தார். "பிரேக் கொஞ்சம் குறைவு தம்பி, பார்த்து ஓடுங்கோ" என்றார். பின் பிரேக் அறவே இல்லை என்பதைப் பண்ணைப் பாலத்துக்கு முன்பாகவே தெரிந்துகொண்டேன்.

குடாநாடு தட்டையானது, சைக்கிளுக்கென்றே அமைந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். காற்றைப் பற்றி எவரும் சொல்வதில்லை. ஜூலையில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் பாலத்தில் ஏறியதும் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. மரமில்லை, மறைப்பில்லை, இருபுறமும் முழங்காலளவு நீரில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தவர்கள் நான் நகர்கிறேனா என்று நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கேதான் செயின் கழன்றது. மாட்டினேன், மறுபடி கழன்றது. மூன்றாம் முறை, விரலெல்லாம் கறுப்பு மசகுடன், ஆட்டோக்காரரை ஒரு கணம் மன்னித்தேன்.

புங்குடுதீவில் முன்சக்கரத்தில் காற்று இறங்கியது. சைக்கிள் திருத்தும் கடையில் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்தியபோது குமிழிகள் இரண்டு இடங்களிலிருந்து வந்தன. பழைய ஒட்டுகளோ ஏழு இருந்தன. கடைக்காரர் எட்டாவதையும் ஒன்பதாவதையும் ஒட்டி, செயினையும் இறுக்கிவிட்டு, 300 ரூபாய் மட்டும் வாங்கினார்.

படகேறி நயினாதீவு சேர்ந்தபோது நண்பகல் கடந்திருந்தது. நாகபூஷணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலைக்கு அந்தப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவே என்று கருதுவோர் உண்டு. அந்த ஆராய்ச்சியை அறிஞர்களிடம் விட்டுவிட்டு, சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இந்தப் பயணத்தில் இதைவிட நல்ல சாப்பாடு எனக்கு வாய்க்கவில்லை. செலவு, உண்டியலில் நானாகப் போட்டது மட்டுமே.

திரும்பும்போது அதே சோளகம் முதுகைத் தாங்கியது. பெடலை அதிகம் மிதிக்காமலே வேலணை வந்து சேர்ந்தேன். இருட்டியதும் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தேன். அது முனகிக்கொண்டே மஞ்சள் ஒளியைப் பாதையில் சிந்தியது.

டைனமோ வேலை செய்ததைச் சொன்னதும் ஐயாவின் முகம் மலர்ந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரமும் நின்று, பற்றரியும் கிடைக்காமற்போன காலத்தில், இதே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி வானொலி கேட்டார்களாம். "செய்தி முடியிற நேரம்தான் எனக்குக் கை உளையும், பிறகு தம்பியார் சுத்துவான்" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளைக் கவிழ்த்துச் சுற்றிக் காட்டினார். விளக்கு முற்றத்து வேம்பில் ஏறி இறங்கியது.

வாடகை வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் காலை பின்சக்கரத்துக்கு இரண்டு பிரேக் கட்டைகள் வாங்கி, நானே பொருத்திவிட்டுக் கிளம்பினேன்.