முதலில் வந்த மேசை

ரொறன்ரோவில் ஆசிரியராக இருக்கும் பெரியம்மாவின் மகள் போன ஆடியில் ஊருக்கு வந்தபோது, ஒரு பை நிறையக் கடதாசிகள் கொண்டுவந்து தந்தார். கனடாவின் பூர்வகுடிப் பிள்ளைகளின் உரிமைகள் பற்றிய கதைகள், படங்கள், பயிற்சித் தாள்கள். "உன்ர வேலைக்கு உதவும்" என்றார். நான் கிளிநொச்சிப் பக்கம் சிறுவர் உரிமை உத்தியோகத்தர். கையேடுகளுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. போருக்குப் பிறகு வன்னிக்கு வந்த திட்டங்கள் விட்டுப்போனதே ஓர் அலுமாரி நிறைய இருக்கிறது. சரி, இதுவும் கிடக்கட்டும் என்று வாங்கி வைத்தேன்.

ஒக்டோபர் 1 எங்களுக்குச் சிறுவர் தினம். அதற்கு முதல்நாள், செப்டெம்பர் 30இல், கனடாவில் செம்மஞ்சள் சட்டை போடுகிறார்கள். 1973இல் ஆறு வயது ஃபிலிஸ் வெப்ஸ்டாட்டுக்கு அவருடைய அம்மம்மா ஒரு செம்மஞ்சள் சட்டை வாங்கிக் கொடுத்தார். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைக்குப் போன முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். தருமபுரத்தில் சிறுவர் கழகப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். ஒரு பையன் கேட்டான்: "பிறகு சட்டையைத் திருப்பிக் குடுத்தவையோ மிஸ்?" இல்லை என்றேன். நான் எழுதிக் கொண்டுபோயிருந்த இரண்டு பக்க விளக்கத்தை மடித்து வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு பிள்ளை, "பூர்வகுடி எண்டால் நாங்களோ?" என்றாள். அவளுடைய அம்மம்மா 1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். இந்தத் தீவில் அந்தச் சொல்லுக்கு உரிமை கொண்டாடாதவர் யார்? வெருகல், வாகரைப் பக்கத்து வேடுவப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 30ஆவது உறுப்புரை சிறுபான்மைப் பிள்ளையையும் பூர்வகுடிப் பிள்ளையையும் ஒரே வசனத்தில்தான் வைத்திருக்கிறது. தன் மொழியும் பண்பாடும் இருவருக்கும் உரியவை. இலங்கை 1991இல் அதை ஏற்றுக்கொண்டது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

எனக்குத் தூக்கம் கெட்டது ஜோர்டன் ரிவர் அண்டர்சனின் கதையால். கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் நோர்வே ஹவுஸ் கிறீ என்ற பூர்வகுடிச் சமூகத்துப் பிள்ளை, 1999இல் கடும் நோயோடு பிறந்தவன். இரண்டு வயதில் வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டுப் பராமரிப்புச் செலவு யாருடையது என்று மத்திய அரசும் மாகாண அரசும் இழுபறிப்பட்டன. 2005இல், ஐந்து வயதில், ஒரு நாள்கூட வீட்டில் இருக்காமலே ஆஸ்பத்திரியில் இறந்தான். 2007இல் கனடா நாடாளுமன்றம் அவன் பெயரிலேயே ஒரு விதியை ஏற்றது: பிள்ளையின் தேவை முதலில் எந்த அரசிடம் வருகிறதோ அது செலவைக் கொடுக்க வேண்டும், கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அதையும் அரசு சுருக்கித்தான் நடைமுறைப்படுத்தியது என்று 2016இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டியிருந்தது.

வாசிக்கும்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கோப்பு நினைவுக்கு வந்தது. இரண்டு காதுக்கும் கருவி வேண்டும். ஓர் அலுவலகம் இது மாற்றுத்திறன் விடயம் என்றது. இன்னொன்று, பாடசாலைப் பிள்ளைதானே, கல்விப் பக்கம் கேளுங்கள் என்றது. நானும் குறைந்தவள் இல்லை. "உரிய நடவடிக்கைக்காக" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த மேசைக்குத் தள்ளினேன். ஏழு மாதம். கடைசியில் சுவிஸிலிருந்த மாமா காசு அனுப்பினார். அந்த ஏழு மாதமும் பிள்ளை பின்வாங்கில் "கவனம் இல்லாதவள்" என்ற பெயரோடு இருந்தாள்.

கனடாவின் விதியை இங்கே அப்படியே போட முடியாது. முதலில் கொடுக்க என் மேசையில் காசு இல்லை. இப்போது கடிதத்தை அனுப்பினாலும் கோப்பை விடுவதில்லை. அது முதலில் வந்த திகதியை அட்டையில் சிவப்புப் பேனையால் எழுதி வைக்கிறேன், கிழமைக்கொரு தடவை அங்கே போன் எடுக்கிறேன். சிலருக்கு என் குரல் கேட்டாலே எரிச்சல்.

போன கிழமை அந்தத் தாய் திரும்ப வந்தார். கருவிக்குப் பற்றரி முடிந்துவிட்டதாம். பற்றரி எந்தத் திணைக்களத்துக்கு உரியது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கோப்பு என் மேசையில் இருக்கிறது.