48 நிமிடக் கணக்கு

அம்மா முதன்முறையாகத் தனியாக விமானத்தில் வந்த நாள். அங்கே அக்கா ஏற்றிவிட்டாள், இங்கே நான் காத்திருந்தேன். இரண்டுமே சின்ன விமான நிலையங்கள். இடைப்பட்ட தூரத்தை முன்னாலேயே ஒரு இணையதளத்தில் பார்த்து வைத்திருந்தேன்: 400 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 48 நிமிடம்.

"கதவைச் சாத்தப் போறாங்க, போனை அணைக்கிறேன்" என்று அம்மா சொன்னதிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். 48 தாண்டியது, 60 தாண்டியது. 70வது நிமிடம் அக்காவைக் கூப்பிட்டபோது எனக்குக் குரலே சரியாக வரவில்லை. அப்புறம் எட்டு நிமிடம் கழித்து, "இறங்கிட்டோம்டா" என்று அம்மாவின் குரல்.

அந்த அரை மணி நேரம் எங்கே போனது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இணையதளம் செய்தது ஒரே ஒரு வகுத்தல்தான். பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக எடுத்துக்கொண்டு, அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து இரண்டு ஊருக்கும் இடையிலான மிகக் குறுகிய வளைவை அளக்கிறது. அதை 500ஆல் வகுக்கிறது. ஏடிஆர் 72 போன்ற புரொப்பெல்லர் விமானம் உயரத்தில் சீராகப் போகும்போது மணிக்கு ஏறக்குறைய அவ்வளவு வேகம் வரும். ஜெட்டின் 800ஐப் போட்டு வகுத்தால் இதே தூரம் அரை மணி ஆகிவிடும்!

அடுத்த முறை அதே தடத்தில் நானே ஜன்னலோரம் உட்கார்ந்து நேரம் குறித்தேன். 9.12க்கு விமானம் நகர்ந்தது. ஓடுபாதையின் மறுமுனைக்கு ஊர்ந்து போய், வேறொரு விமானம் இறங்கும்வரை நின்று, மேலே எழும்பியது 9.24க்கு. சக்கரம் தரையைத் தொட்டது 10.22. வந்து நின்றது 10.27. ஆக மொத்தம் 75 நிமிடம். டிக்கெட்டில் போட்டிருந்தது 80.

பறந்த 58 நிமிடத்திலும் முழு வேகத்தில் போனது கொஞ்ச நேரம்தான். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு எளிய கணக்கு உண்டு: ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 கடல் மைல். 18,000 அடியிலிருந்து என்றால் 54 கடல் மைல், அதாவது 100 கிலோமீட்டர். 400இல் கால்பங்கு இறங்குவதிலேயே போய்விடுகிறது. ஏறும்போதும் வேகம் குறைவு. நெடுந்தூரப் பயணத்தில் இதெல்லாம் தெரியாது. இந்த மாதிரிச் சின்னத் தடத்தில் இதுதான் பயணமே.

காற்றும் இருக்கிறது. விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்க விரும்பும். அன்று நாங்கள் ஓடுபாதையைத் தாண்டிப் போய், சுற்றித் திரும்பி மறுபக்கமாக இறங்கினோம். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, இரண்டும் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகாது. 100 கிலோமீட்டர் வேகக் காற்று என்றால் போக 60 நிமிடம், வர 40. காற்றே இல்லாவிட்டால் இரண்டு வழிக்கும் சேர்த்து 96தான்.

இப்போது யார் கேட்டாலும் வகுத்து வருவதோடு அரை மணி கூட்டித்தான் சொல்கிறேன். வீட்டில் யாராவது பறக்கிறார்கள் என்றால் அதுகூட வேண்டாம், டிக்கெட்டில் இருக்கும் நேரத்தையே பாருங்கள். அதில் ஓடுபாதையில் நிற்பதும் ஊர்வதும் சேர்ந்தே இருக்கிறது.

போன வாரம் அம்மா மறுபடி வந்தார். அக்காவுக்கு முன்கூட்டியே எழுதினேன்: "80 நிமிடம். அதுவரை போனை எதிர்பார்க்காதே."