பிள்ளையார் படுத்தால் இறுக்கம்

கொல்லிமலைக்கு ஏறுவதற்கு 70 கொண்டை ஊசி வளைவு. இறங்குவதற்கும் அதே 70. ஸ்டீரிங் இறுகிப்போன வண்டியை வாங்கித் தொலைக்கிறவன் தஞ்சாவூர்ப் பக்கம் எங்காவது பிறந்திருக்கணும். நான் பிறந்தது சேந்தமங்கலத்தில்.

சோளக்காட்டிலிருந்து பலாப்பழம், அன்னாசி, வாழைத்தார் ஏற்றி நாமக்கல்லுக்கு இறக்குவது நம்ம பிழைப்பு. பழைய வண்டி ஓய்ந்துபோனதால் செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்கப் பார்த்தேன். முதல் ஓனர் அதை எஸ்டேட் மண் பாதைக்கென்று தூக்கிக் கட்டியிருந்தார். முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு பட்டை கூடுதல். டயர் ஒரு சைஸ் பெரிசு. அதோடு விட்டாரா? அடிச்சட்டமான சேஸிஸுக்கும் மேலே உட்காருகிற கேபினுக்கும் நடுவில் மூன்று இஞ்சுக்குக் கறுப்பு நைலான் கட்டை வேறு. தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் யானை நிற்கிற மாதிரி இருந்தது. விலை பேசும்போதே நான் மனதுக்குள் பாகன் ஆகிவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினதும் வீட்டம்மா ஒரு சுற்று சுற்றி வந்தாள். "ஏணி தனியா வாங்கணுங்களா, வண்டியோடயே குடுத்தாங்களா?" அவ்வளவுதான் கேட்டாள். அன்றிலிருந்து அம்மா ஏறுவதற்காக ஒரு முக்காலி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிரந்தரமாகக் குடியிருந்தது.

மச்சானுக்கு வேறு கவலை. அவன் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அங்கே உட்கார்ந்தே பாதிச் சட்டம் படித்துவிட்டான். "மாமா, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. கம்பெனி குடுத்த அமைப்ப நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. எஃப்.சி.க்கு இத எப்படிக் காட்டுவீங்க?" முக்காலி போட்டுக் காட்டுவேன் என்றேன். சிரிக்கவில்லை.

முதல் மழைக்காலம் தாண்டினதும் ஆரம்பித்தது. ஸ்டீரிங் கனம். சாதாரணக் கனம் இல்லை, ஆட்டுக்கல் சுற்றுகிற கனம். வளைவில் திருப்பிவிட்டுக் கையை லேசாக விட்டால் ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பணும் இல்லையா? இது திருப்பின இடத்திலேயே நின்றது. நாமே இழுத்துக்கொண்டு வரணும். 70 வளைவு முடிந்து செம்மேட்டில் டீ கிளாஸைப் பிடித்தால் கை ஆடும். டீக்கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு சௌகரியம், ஒரு சங்கடம். லாரி பாடி கட்டுகிற ஊர். தடுக்கி விழுந்தால் மெக்கானிக் மேல்தான் விழணும். அதனாலேயே நோய் ஒன்று என்றால் வைத்தியம் ஒன்பது.

பஞ்சர் கடைக்காரர் பார்த்ததும் சொன்னார்: "முன் டயர்ல காத்து இல்லீங்ணா." உண்மைதான், குறைந்திருந்தது. பிடித்தேன். சேந்தமங்கலத்துக்குள் கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது. காரவல்லி தாண்டினதும் பழைய கதை. அடுத்து பவர் ஸ்டீரிங் ஆயில். டப்பாவைத் திறந்து பார்த்தால் சிவப்பு ஆயில் அளவுக்கோட்டில் கச்சிதமாக நிற்கிறது. பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று ஒருவர் மாற்றினார். பழைய பெல்ட் முழுசாக ஒடிக்கும்போது பூனை மாதிரி கத்தும். புதுசு கத்தவில்லை, அது ஒன்றுதான் லாபம். பிறகு ஒரு பெரிய பட்டறை, பெயர் வேண்டாம், பவர் ஸ்டீரிங் பம்ப் போச்சு என்றார்கள். பம்ப் மாற்றினார்கள். பைபாஸில் நேராக நாலு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டி, "வெண்ணெய் மாதிரி இருக்குதுங்" என்று பில்லை நீட்டினார்கள். நேர் ரோட்டில் எந்த ஸ்டீரிங்தான் வெண்ணெய் இல்லை? ஆக பதினாலாயிரம் அவுட்.

அம்மா தன் பங்குக்கு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் பார்த்த வைத்தியங்களிலேயே அதுதான் மலிவு. பலனும் மற்றதற்குக் குறைவில்லை.

துப்பு கொடுத்தது என் மகன். மூன்றாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். ஸ்டீரிங் நடுவில், ஹாரன் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இருபதாவது வளைவு வாக்கில் கேட்டான்: "அப்பா, பிள்ளையார் படுக்கறப்ப எல்லாம் எதுக்குப் பல்லக் கடிக்கறீங்க?"

அடுத்த வளைவில் கவனித்தேன். பையன் சொன்னது சரி. பிள்ளையார் நிமிர்ந்து நின்றால் ஸ்டீரிங் லேசு. கால் சுற்று திருப்பி அவர் பக்கவாட்டில் படுத்தால் இறுக்கம். இன்னும் திருப்பி அவர் தலைகீழானால் மறுபடி லேசு. அந்தப் பக்கம் படுத்தால் மறுபடி இறுக்கம். ஒரு சுற்றுக்குச் சரியாக இரண்டு இறுக்கம், ஒவ்வொரு வளைவிலும் அதே இடத்தில்.

காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். லாரிப் பட்டறையில் காலம் முழுக்க வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் கைக்கு வந்த வேலையைச் செய்கிறவர். அவரிடம் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்துவிட்டார்.

"கண்ணு, இதச் சொல்லாம எதுக்கு பம்ப மாத்துன? ஜாக்கியப் போடு."

முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. இன்ஜின் ஆஃப். "இப்பத் திருப்பு." அதே ஆட்டுக்கல், அதே இரண்டு இடத்தில். "சக்கரம் அந்தரத்துல நிக்குது. காத்தும் கெடையாது, டயரும் கெடையாது. இனி அதுகளப் பேசாத." அடியில் படுத்து, ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து, அதாவது சேஸிஸில் இருக்கிற பல்சக்கரப் பெட்டியிலிருந்து, சக்கரத்துக்குப் போகிற ராடைக் கழற்றினார். சக்கரத்தை ஒற்றைக் கையால் இப்படி அப்படித் தள்ளினார். வழுக்கிக்கொண்டு போனது. சக்கரம் திரும்புகிற அச்சாணியான கிங் பின்னும் தப்பித்தது. ஸ்டீரிங் மட்டும் இன்னும் இறுக்கம்.

பிறகு பானட்டுக்குள் கையை விட்டார். ஸ்டீரிங்கிலிருந்து பாக்ஸுக்கு இறங்குகிற சின்ன ஷாஃப்ட். கழற்றுவதற்கு முன் அதன் மேலும் பாக்ஸ் மேலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டார். "இந்தக் கோட்ட அழிச்சிராத கண்ணு, மாட்டறப்ப இதுக்கு நேராத்தான் மாட்டோணும்." சரிங்க என்றேன். ஷாஃப்ட் கழன்றதும் பாக்ஸ் இரண்டு விரலுக்குச் சுற்றியது. நல்ல பாக்ஸ். பம்ப் ஆசாமிகள் அடுத்து அதைத்தான் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

ஷாஃப்டைக் கையில் கொடுத்தார். அதன் நுனியில் இருக்கிற கிராஸ் ஜாயிண்ட், ஷாஃப்ட் மடங்குகிற மூட்டு, தூக்கிப் பிடித்தால் தன் கனத்துக்கே துவண்டு தொங்கணும். இது கஞ்சி போட்டுக் காயவைத்த வேட்டி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. ஊசி பேரிங் இருக்கிற கப்பைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் துரு. கிரீஸ் என்ற வாசனையே இல்லை. முட்டியில் வைத்து அழுத்தினால் ஒரு பக்கம் கரகரவென்று அசைந்தது. மறுபக்கம் சுத்தமாகப் பிடித்துவிட்டது. சுற்றுக்கு இரண்டு இறுக்கம் வந்தது இங்கிருந்துதான்.

"பவர் ஸ்டீரிங்கோட ஒத்தாசை எல்லாம் பாக்ஸுக்குக் கீழதான். மேல இருக்கற சிக்கல் பம்புக்கு எப்படித் தெரியும்? நீ தங்கத்துல பம்ப் வெச்சாலும் இதேதான்."

எல்லாம் அந்தப் பட்டை போட்டுத் தூக்கினதால் வந்த வினை என்று நான் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். பெரியவர் விடவில்லை. பட்டை போட்டால் சேஸிஸ் எழும்பும், அதோடு பாக்ஸும் கேபினும் சேர்ந்தே எழும்பும், ஷாஃப்டுக்கு ஒன்றும் ஆகாது. கேபின் கட்டைதான் குற்றவாளி. பாக்ஸ் சேஸிஸில் இருக்கிறது. ஸ்டீரிங் கேபினில் இருக்கிறது. கேபினை மட்டும் மூன்று இஞ்ச் தூக்கினால் நடுவில் இருக்கிற ஷாஃப்ட் நீண்டு, ஜாயிண்ட் கம்பெனி நினைத்ததைவிட அதிகமாக ஒடிந்து நிற்கும். ஷாஃப்டுக்குள்ளே ஒளிந்திருந்த பல் வெளியே வந்து மழையும் சேறும் குடிக்கும். "புது ஷாஃப்ட் போட்டாலும் அடுத்த மழைக்கு இங்கதான் வருவ. கட்டைய எடுக்கறதுன்னா கை வெக்கறேன்."

யானை போய்விடுமே என்று ஒரு நிமிஷம் வருத்தமாகத்தான் இருந்தது. 52-வது பிரிவையும் டீக்கடைக்காரரின் பார்வையையும் நினைத்துத் தலையாட்டினேன்.

கேபின் போல்ட்டுகள் துருப்பிடித்துப் போய் ஒரு பகலை முழுக்க விழுங்கின. டீசல் ஊற்றி ஊறவைத்து, பைப் சொருகி நெம்பி, ஒன்று முறிந்து, அதை வெல்டிங்காரரை வைத்து எடுத்து, கடைசிக் கட்டை வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. நாமக்கல்லில் வாங்கின புது ஷாஃப்டை மறுநாள் காலையில் மாட்டினோம். பழைய ஷாஃப்டிலிருந்த கோட்டை அளந்து புதுசில் போட்டுக்கொண்டார் பெரியவர். பாக்ஸ் மேல் இருந்த கோடுதான் காணோம். வேலைக்கு உதவியாக இருக்கட்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் வேஸ்ட் துணியால் பாக்ஸைப் பளபளவென்று துடைத்து வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். உத்தேசமாகப் பல்லைச் சேர்த்து மாட்டினார்.

மலை ஏறிப் பார்த்தேன். எதிரில் பஸ் வந்தபோதுகூட ஒற்றைக் கையால் ஒடித்தேன். வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் என் கைக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு தானாக நேருக்கு ஓடியது. பலாப்பழ மூட்டையே கனமில்லாத மாதிரி இருந்தது. செம்மேட்டில் டீ கிளாஸ் ஆடவில்லை.

"அப்பா, பிள்ளையார் சாஞ்சுட்டாரு" என்றான் பையன்.

வண்டி நேராகப் போகிறது, பிள்ளையார் மட்டும் இடப்பக்கம் ஒருக்களித்திருக்கிறார். பெரியவரிடம் போனில் சொன்னேன். "ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்குது கண்ணு. வா, அவுத்து மாட்டிரலாம், அரை மணி நேர வேலை." அரை மணி நேர வேலை என்று அவர் சொன்னால் எத்தனை மணிக்கு வீடு திரும்புவேன் என்று எனக்கு இப்போது தெரியும்.

கோயில் வாசலில் பத்து ரூபாய்க்குப் புது ஸ்டிக்கர் வாங்கி நேராக ஒட்டிவிட்டேன். இப்போது பிள்ளையார் நேராக இருக்கிறார். ஸ்டீரிங்தான் கோணல்.