நாலாவது ப்ளாக்

"நீங்க கேட்கவே இல்லையே சார். கேட்காமலே தமிழ் யாருக்கும் வேண்டாம்னு எப்படி எழுதினீங்க?"

அதுவரை இங்கே பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசிக்கொண்டிருந்தோம். மொரீஷியஸ் ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் அப்படித்தான். வகுப்புக்குள் ஆங்கிலம், பலகையில் ஆங்கிலம், வாசலைத் தாண்டினால் கிரியோல். "பா காபாவ், மிஸ்" என்று சொல்லிவிட்டு, முடியாது என்றால் முடியாது, பேச்சு தீர்ந்தது என்று அட்டையை மூடினேன். தமிழ் மிஸ் தமிழுக்கு மாறினார். எனக்குத் தமிழ் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பள்ளிக் காரியமாக அவர் என்னிடம் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.

பேச்சு கிரேடு 10 ஆப்ஷன் பற்றியது. சிறிய கொலேஜில் (உயர்நிலைப் பள்ளியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இது எப்படி நடக்கும் என்று வெளியே பலருக்குத் தெரியாது. பாடத்தைப் பிள்ளைதான் தேர்ந்தெடுக்கிறது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பாதி உண்மை.

வாரத்துக்கு 40 பீரியட், ஒவ்வொன்றும் 35 நிமிடம். ஆங்கிலம் 6, பிரெஞ்சு 5, கணிதம் 6, விளையாட்டு 2, வகுப்பாசிரியருக்கு 1. மிச்சம் 20. அதை ஐந்தைந்தாக நான்கு ப்ளாக்காகப் பிரிப்போம். ஒரு ப்ளாக்கில் இரண்டு மூன்று பாடம் ஒரே நேரத்தில் நடக்கும், பிள்ளை அதில் ஒன்றுக்குப் போகும். எங்களிடம் அப்போது இப்படி இருந்தது: முதல் ப்ளாக்கில் இயற்பியல், அக்கவுண்ட்ஸ், சமையலும் ஊட்டச்சத்தும்; இரண்டாவதில் வேதியியல், பிசினஸ் ஸ்டடீஸ்; மூன்றாவதில் உயிரியல், கம்ப்யூட்டர், ஓவியம்; நாலாவதில் தமிழ், இந்தி, ஆடிஷனல் மேத்ஸ் (எல்லாருக்கும் உள்ள கணிதத்துக்கு மேல் இன்னொரு கணக்குப் பாடம்). மொத்தம் 11 பாடம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆசிரியர், ஒரே பிரிவு. பெரிய பள்ளியில் இயற்பியல் இரண்டு ப்ளாக்கில் இருக்கும், ஒன்றில் இடித்தால் மற்றதில் போடலாம். இங்கே இடித்தால் இடித்ததுதான்.

ஆடிஷனல் மேத்ஸ் எடுப்பது நான். டைம்டேபிள் போடுவதும் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிஸ் ஒரு தடவைகூட இதைச் சொல்லிக் காட்டவில்லை, அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அட்டவணை போடுவதற்கென்று ஒரு வரிசை உண்டு. கையைக் கட்டிப்போடும் விஷயத்தை முதலில் வைக்க வேண்டும். இரண்டு பள்ளிக்கு நடக்கும் ஆசிரியர் முதலில். எங்கள் தமிழ் மிஸ் திங்கள், புதன், வெள்ளி மட்டும்தான் வருவார். மற்ற இரண்டு நாளும் வேறு கொலேஜ். அதனால் நாலாவது ப்ளாக் அந்த மூன்று நாளில்தான் விழும்: இரட்டை, இரட்டை, ஒற்றை. அடுத்தது லேப். வேதியியலில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனுக்கு 35 நிமிடம் போதாது. அளவுக்குழாயான ப்யூரெட்டைக் கழுவி, அமிலத்தால் ஒரு முறை அலசி, பூஜ்யத்துக்கு நிரப்பி, தோராயமாக ஒரு தடவை செய்து, பிறகு இரண்டு அளவீடு 0.1 கன சென்டிமீட்டர் வரை ஒத்துவரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மணி அடித்தால் பாதி வகுப்பு இளஞ்சிவப்புத் தண்ணீரோடு நிற்கும். ஆகவே இரட்டைப் பீரியட், நடுவில் இடைவேளை வரக்கூடாது. எங்களுக்கு மூன்றாவதற்குப் பிறகு இடைவேளை, ஆறாவதற்குப் பிறகு சாப்பாடு. 3–4ஐயும் 6–7ஐயும் இரட்டையாக வைக்க முடியாது. சமையலுக்கும் ஓவியத்துக்கும் இதே கதை. இவை எல்லாம் உட்கார்ந்த பிறகு மொழிகளை மிச்ச இடத்தில் ஊற்றுவோம். மொழி திரவம் மாதிரி, எந்தப் பாத்திரத்திலும் நிற்கும் என்பது எங்கள் எண்ணம்.

அது தவறு, தமிழைப் பொறுத்தவரை நிச்சயமாகத் தவறு. வீட்டில் காதில் விழாத மொழிக்கு இரட்டைப் பீரியட் வேண்டாம், தினம் ஒரு பீரியட் வேண்டும். வெள்ளிக்கிழமை பிரித்துக் காட்டிய லகரமும் ளகரமும் ழகரமும் திங்கட்கிழமைக்குள் ஒன்றாகக் கரைந்துவிடும். ஜனவரி பிப்ரவரியில் இன்னும் மோசம். புயல் எச்சரிக்கை இரண்டாம் நிலைக்குப் போனால் பள்ளி மூடும். தைப்பூசக் காவடி விடுமுறை, சீனப் புத்தாண்டு, மகாசிவராத்திரி எல்லாம் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். மூன்று நாளில் அடைத்த பாடத்துக்கு ஒரு நாள் போனால் இரண்டு பீரியட் போய்விடும். கணிதத்துக்கு ஒன்று போகும், அதையும் நான் மாலையில் பிடித்துவிடுவேன்.

மிஸ் கேட்டது இதை அல்ல. அவர் கேட்டது ஃபாரத்தைப் பற்றி.

ஃபாரத்தில் நான்கு வரி இருக்கும், ஒவ்வொரு வரியும் ஒரு ப்ளாக். வரிக்கு ஒன்றில் டிக் போட வேண்டும். நாலாவது வரியில் "தமிழ் / இந்தி / ஆடிஷனல் மேத்ஸ்". எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் வைத்த வரிசை, மொழி எடுக்கிற பிள்ளை கணக்கில் ஆழமாகப் போகாது என்ற பழைய நம்பிக்கை. நான் அதை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்தில் தமிழுக்கு டிக் போட்டவர்கள் 9, 6, 4. தலைமையாசிரியரான ரெக்டருக்குக் கொடுத்த தாளில் "தமிழுக்கு விருப்பம் குறைந்துவருகிறது" என்று எழுதினேன். அந்தத் தாளைத்தான் மிஸ் பார்த்துவிட்டார்.

"எடுக்காததுக்கு நான் என்ன செய்ய மிஸ்?"

"எடுக்க முடியாத மாதிரி ஃபாரம் கொடுத்துட்டு, எடுக்கலைன்னு சொல்றீங்க."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஏதாவது ஒன்று ஏதாவது ஒன்றோடு இடிக்கத்தான் வேண்டும். 11 பாடம் என்றால் 55 ஜோடி. நான்கு ப்ளாக்குக்குள் அடக்கினால் சில ஜோடிகள் செத்தே ஆக வேண்டும். எதைச் சாகவிடுவது என்பதுதான் வேலை. ஆனால் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவன் முதலில் ப்ளாக் இல்லாத வெற்றுத்தாள் கொடுப்பான். பிடித்த நாலு, பதிலுக்கு இரண்டு என்று எழுதச் சொல்வான். பிறகு கட்டம் போட்டு, மேலேயும் பக்கத்திலும் பாடப் பெயர்களை எழுதி, இரண்டையும் சேர்த்துக் கேட்டவர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு கட்டத்திலும் நிரப்புவான். பூஜ்யம் விழுந்த ஜோடியை ஒரே ப்ளாக்கில் போடலாம். ப்ளாக்கை முதலில் அச்சடித்துக் கொடுத்தால் மோதல் எங்கேயும் பதிவாகாது. என் அட்டவணையில் மோதலே இல்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கும்? மோதலை எழுத ஃபாரத்தில் இடமே இல்லையே.

அந்த வருடம் ஒரு பெண் தமிழ், ஆடிஷனல் மேத்ஸ் இரண்டையும் கேட்டாள். ஒரே வரியில் இரண்டு டிக். அலுவலகம் தாளைத் திருப்பி அனுப்பியது. திருத்தி வந்ததில் ஆடிஷனல் மேத்ஸ் இருந்தது. கிரேடு 7இல் முதல் முறையாகத் தன் குடும்பப் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தவள் அவள் என்று மிஸ் சொன்னார். பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்தபடி பதிவேட்டில் ஏறிய பெயர், வீட்டில் எல்லாரும் "ஆர்மூகோம்" என்றுதான் சொல்வார்கள். ஆறு, முகம் என்று மிஸ் பிரித்துக் காட்டியதும், "அப்ப இது முருகனா?" என்று கேட்டாளாம். பிறகு என் வகுப்பில் இருந்தாள். நன்றாகவே செய்தாள். அதனால் எனக்கு என்ன நிரூபணம் ஆகிறது என்று தெரியவில்லை.

1998இல் இங்கே புதிய ரூபாய் நோட்டு வந்தபோது, அதில் அச்சிட்ட மொழிகளின் வரிசையில் தமிழ் இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்குப் போனது. தமிழர்கள் விடவில்லை. அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, இன்றைக்கும் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ்தான். அந்தப் போராட்டத்தைப் பற்றி நானும் பெருமையாகப் பேசுவேன். நோட்டில் ஒரு வரி கீழே போனது எல்லார் கண்ணிலும் பட்டது. ஃபாரத்தில் நாலாவது வரி யார் கண்ணிலும் படவில்லை, வருடா வருடம் அதை அச்சடித்த என் கண்ணில்கூட.

இனி சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். அன்று இரவே துண்டுச் சீட்டுகளை மேசையில் பரப்பிப் போட்டுப் பார்த்தேன். முடிந்தது. ஆடிஷனல் மேத்ஸை மூன்றாவது ப்ளாக்குக்கு உயிரியலுக்கு எதிரே கொண்டுபோய், கம்ப்யூட்டரை அங்கிருந்து நாலாவதுக்கு இறக்கினால் போதும். கிரேடு 11இல் என் இரண்டு பீரியட்டை நகர்த்த வேண்டும். ஒன்பது சீட்டு, முக்கால் மணி நேரம். ஒரே ஒரு சிக்கல்: மூன்றாவது ப்ளாக்கின் இரட்டைப் பீரியட் வெள்ளி 7–8. ஓவியத்துக்கும் உயிரியலுக்கும் அதை அசைக்க முடியாது. அந்த நேரம் எனக்குக் காலி. வெள்ளிக்கிழமை சாப்பாட்டோடு கிளம்பி வீட்டில் ட்யூஷன் வகுப்பை ஆரம்பிப்பேன். இந்தத் தீவில் கணக்கு வாத்தியாருக்கு ட்யூஷன் என்பது சம்பளத்தின் மறுபாதி, அதைப் பாவம் என்று யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லமாட்டேன். சீட்டுகளை உறைக்குள் போட்டுவிட்டேன். மறுநாள் மிஸ் கேட்டபோது, "பார்த்தேன் மிஸ், லேப் இடிக்குது" என்றேன். லேப் இடிக்கவில்லை.

போன வருடம்தான் வெற்றுத்தாள் கொடுத்தேன். 31 பிள்ளைகள். தமிழை முதல் நாலில் எழுதியவர்கள் 11 பேர். தமிழும் ஆடிஷனல் மேத்ஸும் சேர்த்துக் கேட்டவர்கள் 5. அந்த எண்ணைப் பார்த்துக் காது சுட்டது. ஆனால் கட்டத்தை முழுக்க நிரப்பியபோது வேறொன்றும் தெரிந்தது: உயிரியலும் ஆடிஷனல் மேத்ஸும் கேட்டவர்கள் 3, தமிழும் கம்ப்யூட்டரும் கேட்டவன் ஒருவன். மாற்றி வைத்தால் 5 பேருக்குப் பதில் 4 பேர் அழுவார்கள். ஒரே ஒரு பிள்ளை வித்தியாசம். நான் முன்பு சொன்னது அவ்வளவு பொய்யில்லை என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த நிம்மதியே பிடிக்கவில்லை. முன்பு எத்தனை பேர் அழுதார்கள் என்பது எனக்குத் தெரியாதே, எண்ணினால்தானே தெரியும். உயிரியல் மிஸ் இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அவருடைய பக்கமும் நியாயம்தான்.

மாற்றிவிட்டேன். வெள்ளி 7–8 இப்போது என் வகுப்பு.

புதிய பட்டியலை மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். பெயர்களை விரலால் எண்ணிக்கொண்டே வந்தார், பதினொன்றில் நிறுத்தினார்.

"புத்தகக் கடைக்கு நாலு பிரதின்னுதானே சார் எழுதிக் கொடுத்திருக்கோம்?"