கொப்பியில் இல்லாத போஸ்ட்

2023 ஓகஸ்ட் 6, ஞாயிறு. கிளிநொச்சி

எங்கள் கூடைப்பந்துச் சங்கத்தின் தொடக்க வரலாற்றை ஆண்டு மலருக்கு எழுதித் தரும் பொறுப்பு நேற்றுக் கூட்டத்தில் எனக்கு வந்தது. காலையில் அலுமாரியைத் துழாவி முதல் கூட்ட அறிக்கை உள்ள, தடித்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பியை எடுத்தேன். 2018 டிசம்பர் 21 இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடானபோது நனைந்த கொப்பி அது. மை பரவியிருந்தாலும் வாசிக்கலாம்.

2012. தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு. பந்து வாங்க ஆளுக்கு 100 ரூபா. அதற்குக் கீழே ஒரு வரி: 'வளையம் கிடைத்துவிட்டது.'

எங்கிருந்து கிடைத்தது என்று எழுதவில்லை. எனக்குத் தெரியும். தோளில் சுமந்து வந்த நான்கு பேரில் நானும் ஒருவன்.

ஓகஸ்ட் 9, புதன்

கூடைப்பந்து பிறந்த கதையை முன்னுரையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒரு வை.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பனிக்காலத்தில் உள்ளே விளையாட ஒரு விளையாட்டைத் தேடினார். பீச் பழக்கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடியில் அடித்தார். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் வளையத்தின் உயரம் பத்தடிதான், 3.05 மீற்றர். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கோல்.

சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் பெண்கள் அதை மாற்றி ஆடத் தொடங்கினார்கள். அதுதான் வலைப்பந்து ஆனது. பின்பலகை போனது, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதும் போனது. பத்தடி மட்டும் அப்படியே நின்றது. அங்கே கூடைப்பந்திலிருந்து வலைப்பந்து வந்தது. எங்கள் ஊரில் நடந்தது மறுவளம்: வலைப்பந்து வளையத்திலிருந்து கூடைப்பந்து வந்தது. அதை எழுதாமல் இந்த வரலாற்றை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஓகஸ்ட் 13, ஞாயிறு

எங்கள் ஊர் அக்கா ஒருவரின் வீட்டுக்குப் போனேன். அப்போது பெண்கள் வலைப்பந்து அணியை நடத்தியவர். கொப்பியைக் காட்டி, "அந்த வளையத்தைப் பற்றிச் சொல்லுங்கோ அக்கா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ரெண்டு மாசத்தில தாறம் எண்டுதானே தம்பி கொண்டு போனனீங்கள்."

போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து 2010இல் திரும்பி வந்தபோது அவர்கள் வளவில் கிணறும் பாதிச் சுவரும்தான் மிச்சமாம். அவருடைய ஐயா பழைய தண்ணீர்க் குழாய்களைத் தேடி எடுத்து வளையம் மாட்டிய கம்பங்களாக இரண்டு போஸ்ட் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்குக் கூரை போடும் முன்பே பிள்ளைகளுக்குப் போஸ்ட் நின்றது. பின்னேரம் நாலரைக்கு ஏழு பேர் சேர்ந்துவிடுவார்களாம். மணல் தரையானாலும் வலைப்பந்தில் பந்தைத் தட்டத் தேவையில்லை; எங்கும் ஆடலாம்.

அதில் ஒன்றை நாங்கள் கொண்டுபோன பிறகு ஒரு பக்கத்துக்கு மட்டும் எறிந்து பழகினார்கள். ஒரு வருடத்தில் அணியும் கலைந்தது. 2018இல் தர்ஜினி சிவலிங்கம் ஆடிய இலங்கை வலைப்பந்து அணி ஆசியக் கிண்ணத்தை வென்ற செய்தியைப் பார்த்த அன்று, அந்த ஏழு பேரில் மூவருக்குப் போன் எடுத்துப் பேசியதாகச் சொன்னார். தேத்தண்ணி ஆறிப்போனது. நான் மன்னிப்புக் கேட்டேன். பதினொரு வருடம் பிந்திக் கேட்டேன்.

ஓகஸ்ட் 16, புதன்

அக்கா சொன்ன இன்னொரு விடயம் கட்டாயம் எழுத வேண்டும்.

வலைப்பந்து வளையத்தின் அகலம் 38 சென்ரிமீற்றர், கூடைப்பந்துக்கு 45. முதலில் அந்தச் சின்ன வளையத்திலேயே பழகினோம். பழைய கதவுப் பலகையைப் பின்பலகையாக்கினோம். மணலில் பந்து எழும்பவில்லை. கிரவல் கொட்டிப் பார்த்தோம். எழும்பியது, ஆனால் கண்ட பக்கமும் பாய்ந்தது. கடைசியில் காசு சேர்த்து நான்கு அங்குலத்துக்குச் சீமெந்துத் தளம் போட்டோம். 45 வளையமும் மாட்டினோம், அதே உயரத்தில்.

தளம் போட்ட அன்று அக்கா ஒழுங்கையில் நின்று சொன்னாராம்: "தரை உயர்ந்தால் போஸ்ட் கட்டையாகும், ஒருக்கா அளந்து பாருங்கோ." யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த வருடம் வவுனியாவில் விளையாடப் போனபோது எங்கள் எறிகள் எல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பின. சோளகக் காற்றின் மேல் பழியைப் போட்டோம். ஊருக்கு வந்து அளந்தால் 2.95 மீற்றர். ஒரு வருடமாகப் பத்துச் சென்ரிமீற்றர் பதிந்த வளையத்துக்கு எறிந்து கை பழகியிருந்தது. அடியில் துண்டுக் குழாய் ஒட்டி உயர்த்தினோம். அந்த ஒட்டு இன்றும் தெரியும்.

ஓகஸ்ட் 20, ஞாயிறு

நிர்வாகக் கூட்டம். எழுதியதை வாசித்தேன். "பழைய கதையை ஏன் கிளறுவான்" என்றார் ஒருவர். தலைவர் அண்ணை மட்டும் எழுந்து வெளியே போய் போஸ்ட்டின் அடி ஒட்டைப் பார்த்துவிட்டு வந்தார். "எழுதினபடியே போகட்டும்" என்றார். புதன், வெள்ளி பின்னேரங்களில் முற்றம் பெண்பிள்ளைகளுக்கு என்றும், வலைப்பந்துக்கு இரண்டு புதிய போஸ்ட் செய்வதென்றும் முடிவானது. ஆண்டு மலருக்கு ஒதுக்கிய காசில் பாதி அதற்குப் போகும். மலர் மெலியும், பரவாயில்லை.

மாலையில் அக்கா வந்தார். கொப்பியைக் கொடுத்தேன். 'வளையம் கிடைத்துவிட்டது' என்ற வரிக்குப் பக்கத்தில் தன் ஐயாவின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே, விரல் மடித்து நினைவுபடுத்தி, ஏழு பெண்களின் பெயர்களையும் எழுதினார். பிறகு அளவு நாடாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, போஸ்ட் நட வேண்டிய இடத்தைக் காட்ட முன்னே நடந்தார்.