ஒன்றரைச் சாண்

மதுரை மேல மாசி வீதி. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நடைபாதை ஓரத்தில் ஓர் அம்மாச்சி நிற்கிறார். ஒரு கையில் மஞ்சப்பை, இன்னொரு கை முழங்காலில். மேலே ஏறணும், கால் எழவில்லை.

பாத்திரக்கடைப் பையன் ஓடி வந்து ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டான். நீலக் கலர், ஒரு மூலை உடைந்தது. அதில் கால் வைத்து ஏறினார்.

"எதுக்குப்பா இம்புட்டு ஒசரமாக் கட்டுனாய்ங்க?"

"பைக்கு ஏறக் கூடாதுன்னுதான் அம்மாச்சி."

அவர் போனதும் சாண் வைத்துப் பார்த்தேன். ஒன்றரைச் சாண். (பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார்கள்.) சாலைகளுக்கு அளவு வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நடைபாதை உயரத்துக்குச் சொல்வது அதிகபட்சம் 15 செ.மீ. ஒரு சாண்கூட வராது.

பைக் ஏறாமலா இருக்கிறது? கடைக்குக் கடை இரும்புத் தகட்டைச் சாய்த்துப் போட்டாச்சு. வரிசையாக மேலேதான் நிற்கின்றன. அம்மாச்சிதான் கீழே.

சித்திரைத் தேர் சுற்றுகிற வீதி இது. தேரன்றைக்கு ஒவ்வொரு முக்கிலும் பார்த்துப் பார்த்துத் திருப்புவோம். சக்கரத்துக்குக் கட்டை போடவே ஆட்கள் கூட ஓடுவார்கள்.

ஒன்பதரைக்கு அதே வழியில் திரும்பி வந்தேன். கடை அடைத்தாச்சு. கிரேட்டும் உள்ளே போயிருந்தது.